இடது கையால் ஒரு கேஜன் பாஸ்தா

ஜூன் 4

என் பெயர் சிங்கராயன் மச்சாது. வயது அறுபத்தொன்று. இதை இடது கையால் எழுதுகிறேன்.

ஜூன் 5

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள் பிசியோதெரபி செய்ய வரும் நர்மதா. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. காலையில் கஞ்சி குடித்தேன். நாலு வரி ஆகிவிட்டது.

ஜூன் 7

நர்மதா கேட்டாள்: "அங்கிள், கை சரியானதும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசை? சட்டைக்கு பட்டன் போடணுமா, ஷேவ் பண்ணணுமா? ஒண்ணு சொல்லுங்க. அதையே எக்சர்சைஸா வச்சுக்கலாம்."

"பாஸ்தா" என்றேன்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்ததிலிருந்து என் பேச்சும் தெளிவாக இல்லை. "பாஸ்போர்ட்டா?" என்றாள். நோட்டில் எழுதிக் காட்டினேன். கேஜன் பாஸ்தா. க்ரீம் ஊற்றியது. இறால், நண்டு, கணவாய். அவள் படித்துவிட்டு, "இட்லியில ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

நான் இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கடைசிப் பதினாறு வருஷம் தலைமைச் சமையல்காரன். மூன்று வேளையும் இருபத்திரண்டு பேருக்கு, கப்பல் சாய்ந்தாலும் நிமிர்ந்தாலும் மணி அடித்தால் சோறு இருக்க வேண்டும். இருந்தது. இட்லியில் ஆரம்பிக்கிற ஆள் இல்லை நான்.

ஜூன் 10

பாஸ்தா எங்கிருந்து வந்தது என்று நர்மதா கேட்டதால் எழுதுகிறேன்.

எஞ்சின் பழுதாகி எங்கள் கப்பல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் பத்தொன்பது நாள் கிடந்தது. மாலுமிகள் தங்கிப் போகும் விடுதியில் ஓடெட் என்ற அம்மாள் சமைத்தாள். காரம் தின்னும் ஊர் அது; கேஜன் என்பது அந்தப் பக்கத்துச் சமையல். நம் ஊர்க் குழம்பு மாதிரி வெங்காயம் வதங்கும் வாசனை வந்ததும் நேரே அடுக்களைக்குள் போய் நின்றேன். அவள் விரட்டவில்லை. வெங்காயத்தை என்னிடம் தள்ளி, நறுக்கு என்று கையைக் காட்டினாள். பத்தொன்பதாம் நாள் அந்தப் பாஸ்தா என் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கப்பலில் ஏறினாலும் ஞாயிற்றுக்கிழமை அதுதான்.

என் மகள் டெல்பினுக்கு அப்போது ஒன்பது வயது. போனில் சொன்னேன். "லீவுக்கு வரும்போது எனக்குச் செஞ்சு தரணும்பா" என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு பதினோரு முறை லீவில் வந்தேன். அப்போது தூத்துக்குடியில் க்ரீம் கிடைக்காது. அடுக்களையும் என் மனைவி பிலோமினாவுடையது. காரணங்கள் இருந்தன.

பிலோமினா இறந்து நாலு வருஷம் ஆகிறது. நான் பிரேசில் பக்கம் இருந்தேன். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் வந்து சேர்ந்தேன். அதை எழுத இந்த நோட்டில் இடம் இல்லை.

ஜூன் 12

டெல்பின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு வருவாள். "அடுப்புப் பக்கம் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் செருப்பு மாட்டுவாள்.

இன்று போனேன். வெண்ணெயை உருக்கிப் பார்ப்போம், அவ்வளவுதான். இடது கையால் அடுப்பு பற்றியது. வாணலி சூடானது. வெண்ணெய் நுரைத்து வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிறது!

கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை. வெண்ணெய் கருகுகிறது என்று நினைத்துப் பார்த்தேன். வெண்ணெய் பொன்னிறத்தில் அப்படியே இருந்தது. வாணலி விளிம்பில் என் வலது கை கிடந்தது.

வலிக்கவே இல்லை.

ஜூன் 13

டெல்பின் கட்டுப் போட்டாள். காலையில் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கேஸ் ரெகுலேட்டரோடு டியூட்டிக்குப் போகும் நர்ஸ் இந்த ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஜூன் 14

கஞ்சி வேண்டாம் என்றேன்.

ஜூன் 15

கஞ்சி வேண்டாம் என்றேன். அவளும் சாப்பிடவில்லை.

ஜூன் 16

காலையில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப என்னதான் வேணும்ப்பா உங்களுக்கு?"

"ரெகுலேட்டர்."

"கை வெந்தது கூடத் தெரியலை. நாளைக்கு வீடு எரிஞ்சாலும் தெரியாது."

"மூக்கு இருக்கு. தெரிஞ்சுதே."

சிரிப்பை அடக்கினாள். அடக்கியது எனக்குத் தெரிந்தது. பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நர்மதா இருக்கும்போது மட்டும். வலது கைக்கு உறை போட்டுக்கணும். ஒத்துக்கிட்டா கஞ்சியைக் குடிங்க."

ஒத்துக்கொண்டேன். கஞ்சி ஆறிப் போயிருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜூன் 20

நர்மதா ஒரு பலகை கொண்டுவந்தாள். அடியிலிருந்து இரண்டு எவர்சில்வர் ஆணி அடித்து, முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்திவிட்டால் பிடிக்க இன்னொரு கை வேண்டாம். இடது கையில் கத்தி.

ஒரு வெங்காயத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். கப்பலில் அந்த நேரத்துக்கு ஒரு கூடை முடிந்திருக்கும். துண்டுகள் குட்டியும் பெரிசுமாக, என் கீழே வேலை பார்த்த எவனாவது இப்படி நறுக்கியிருந்தால் கடலில் தள்ளியிருப்பேன்.

"சூப்பர் அங்கிள்" என்றாள் நர்மதா.

பிப்ரவரியிலிருந்து எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். எழுந்து நின்றால் சூப்பர். மூக்கைச் சிந்தினால் சூப்பர். இன்னொரு வெங்காயம் கொடு என்றேன்.

ஜூன் 24

டெல்பின் மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. நான் படிக்கவில்லை. அயர்லாந்தில் கார்க் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, முதலில் இரண்டு வருஷம், ஜூலை 25-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவள் விஷயம், எனக்கென்ன? கார்க் துறைமுகத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். மழை ஊர். நல்ல வெண்ணெய் கிடைக்கும்.

ஜூன் 25

இனி ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம் வேண்டும் என்று நர்மதாவிடம் சொன்னேன்.

"என்ன அங்கிள் திடீர்னு அவசரம்?"

கஞ்சி அலுத்துவிட்டது என்றேன்.

ஜூலை 2

மசாலா அரைத்தாயிற்று. ஓடெட் போட்ட மிளகாய் இங்கே இல்லை. காஷ்மீரி மிளகாய்த் தூள் நிறத்துக்கு, நம் குண்டு மிளகாய் காரத்துக்கு. பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு. தைம், ஓரிகானோ என்று இரண்டு காய்ந்த இலைகள், பீட்சா விற்கும் கடைகளில் இப்போது கிடைக்கிறது. எல்லாம் சேர்ந்ததும் மூக்குக்குள் நியூ ஆர்லியன்ஸ் ஆற்றங்கரை வந்துவிட்டது. நாக்கில் வைத்தேன். இடப் பக்கம் காரம். வலப் பக்கம் ஒன்றுமே இல்லை, சுவரை நக்கியது போல.

பாதி நாக்கு, ஒரு கை. மீதி எல்லாம் முழுசாக இருக்கிறது.

ஜூலை 6

இன்று குளியலறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டு வரை.

ஜூலை 7

டெல்பின் என் இடுப்பில் கன்றியிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"விழுந்தீங்களா?"

"உக்காந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

சட்டையை இழுத்து மூடினேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். யூனிபாரம் கூட மாற்றவில்லை. "நான் டியூட்டியில இருந்தேன். ஊரான் வீட்டு அப்பாவை எல்லாம் தூக்கி உக்கார வச்சுக்கிட்டு இருந்தேன்."

"நானே எந்திரிச்சிட்டேன்ல? யாரையும் கூப்பிடலையே?"

"அதான் பயமா இருக்கு."

"பயந்துகிட்டே இருந்தா உன் வேலை என்ன ஆகும்? உனக்குன்னு ஒரு..." கடிதம் என்று வாயில் வந்ததை விழுங்கினேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "விட்டுட்டுப் போறது உங்களுக்குப் பழக்கம்ப்பா. எனக்கு அது வராது."

ஜூலை 8

நர்மதா வந்ததும் மூன்று வெங்காயம் நறுக்கினேன்.

ஜூலை 12

இறால் இல்லாமல் சாஸ் மட்டும் செய்து பார்த்தேன். திரிந்துவிட்டது. தக்காளி சேர்த்த கையோடு, தீயைக் குறைக்காமல் க்ரீமை ஊற்றியிருக்கிறேன். பயிற்சிக்கு வந்த பையன்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

வாணலியைச் சுவரில் எறிந்தேன். இடது கையால் எறிந்ததில் சுவருக்குப் போகாமல் ஜன்னல் திரைக்குப் போனது. நர்மதா திரையைக் கழற்றினாள்.

"சூப்பர்னு சொல்லலையா?" என்றேன்.

"கேவலமா இருக்கு அங்கிள்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

மறுபடி செய்தோம். தக்காளி வேண்டாம். தீயைக் கடைசிப் புள்ளிக்கு இறக்கி, க்ரீமை நூலாக ஊற்றினேன். திரியவில்லை.

ஜூலை 19

மீன் மார்க்கெட் போனேன். பிப்ரவரிக்குப் பிறகு கோயிலும் ஆஸ்பத்திரியும் தவிர முதல் இடம். டெல்பின் ஆட்டோ பிடித்துக் கூட வந்தாள். வீட்டில் எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத ஆளை எப்படித் தனியாக விடுவது என்று ஆட்டோக்காரரிடம் முறையிட்டுக்கொண்டே வந்தாள்.

இறால் விற்றவள் என் கோணின வாயையும் கைத்தடியையும் பார்த்துவிட்டு டெல்பினிடம் பேசினாள். "பெரியவருக்கு மெத்துனு வேணுமாம்மா? இதை வாங்கிக்கோ." பழைய இறாலை அள்ளினாள்.

நான் ஒன்றை எடுத்து மோந்தேன். தலை தனியாகக் கழன்று வந்தது. அவள் தட்டில் திருப்பிப் போட்டேன். "நேத்து மத்தியானத்து இறால்."

அவளுக்குப் புரியவில்லை. டெல்பின் எனக்காகச் சொல்ல வாயைத் திறந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். மறுபடி சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். மூன்றாம் தடவை அவளுக்குப் புரிந்தது. முகம் மாறியது. கீழே ஐஸுக்குள்ளிருந்து வேறு கூடையை இழுத்தாள்.

"யாருங்க ஐயா நீங்க?"

"சமையக்காரன்" என்றேன். அது ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று செய்தேன். அப்படியே எழுதுகிறேன், எத்தனை பக்கம் போனாலும்.

காலைப் பூசை முடிந்து டெல்பின் வந்தபோது நான் பாதி இறாலை உரித்திருந்தேன். ஆணியில் வாலைக் குத்தி, தலையைத் திருகி, ஓட்டை இழுத்தால் வந்துவிடும். நர்மதா ஞாயிறு என்பதால் வரவில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டேன் என்று டெல்பின் ஆரம்பிப்பதற்குள் சொன்னேன்: "நீ நர்ஸ். நீ இருக்கே. உக்காரு. ஒண்ணையும் தொடக் கூடாது."

நாற்காலியை அடுக்களை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இறால் தலையையும் ஓட்டையும் எண்ணெயில் சிவக்க வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. பிறகு உரித்த இறாலிலும் கணவாய் வளையத்திலும் மசாலாவைப் பிரட்டினேன். வெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெயும் காய்ந்ததும் இறால். பக்கத்துக்கு ஒரு நிமிஷம், சுருண்டு சிவந்ததும் வெளியே. கணவாய் அதிலும் பாதி நேரம். கூட விட்டால் ரப்பர். அதே வாணலியில் வெங்காயம், குடைமிளகாய், பூண்டு. ஓடெட் செலரி என்ற கீரையின் தண்டு போடுவாள். இங்கே இல்லை, போடவில்லை. வதங்கியதும் இறால் தலைத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பி என் கண்ணாடியை மூடிவிட்டது. துடைக்கக் கை இல்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நில்லு."

நின்றாள். ஆவி தானாக விலகியது.

க்ரீம் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்தேன். முகத்தில் தெறித்தது. தீயை இறக்கி, நூலாக ஊற்றினேன். நிறம் மாறிக்கொண்டே வந்தது, செங்கல் நிறத்திலிருந்து சந்தன நிறத்துக்கு. துருவின சீஸ் ஒரு பிடி. நண்டுச் சதை. கரண்டியைத் தூக்கினால் முதுகில் ஒட்டி நிற்க வேண்டும். நின்றது.

இனி பாஸ்தா. கொதிக்கிற பானையை என்னால் தூக்கிக் கவிழ்க்க முடியாது. அதனால் பொரிக்கிற கம்பிக் கூடையைப் பானைக்குள் வைத்து அதிலேயே வேகவிட்டிருந்தேன். தூக்கினால் தண்ணீர் கீழே நின்றுவிடும். தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். கூடை சாய ஆரம்பித்தது. டெல்பின் எழுந்துவிட்டாள் என்று நிழலில் தெரிந்தது.

அப்போது உறை போட்ட வலது கையைத் தோளால் தள்ளிக் கூடையின் பிடிக்குக் கீழே கொண்டுபோனேன். விரல் எதையும் பிடிக்கவில்லை. மணிக்கட்டு ஒரு முட்டுக்கட்டை மாதிரி நின்றது. அது போதும். கூடை நிமிர்ந்தது. பாஸ்தா வாணலிக்குள் போனது. ஐந்து மாதத்தில் அந்தக் கை செய்த முதல் வேலை.

இறாலையும் கணவாயையும் திரும்பப் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவி, இரண்டு தட்டில் வைத்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது.

டெல்பின் முதல் வாய் சாப்பிட்டாள். மென்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"உப்புக் கூடிப்போச்சுப்பா."

"என்னது?"

"உப்பு கூட. நண்டு ஓடு வேற ஒண்ணு பல்லுல மாட்டுது. ஆனா இறால்..." அடுத்த வாய் எடுத்தாள். "இறாலை எப்படி இப்படி வேக வச்சீங்க?"

பிப்ரவரிக்குப் பிறகு என் மகள் என் வேலையில் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. அப்படியே எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்திருப்பேன். அவள் தட்டை வழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதில் கேட்டது, இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். "பாத்தேல்ல? தனியா ஒரு ஆள் இருந்து, சமைச்சு, சாப்பிட முடியும். அயர்லாந்துக்காரனுக்கு வர்றேன்னு எழுது. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

அவள் ஆச்சரியப்படவில்லை. "கடிதத்தை நீங்க படிச்சது அன்னைக்கே தெரியும். மடிப்பு மாறியிருந்துது."

"சரி. எழுது."

"எழுதியாச்சுப்பா. ஜூன் இருபத்தாறே எழுதிட்டேன். வரலைன்னு."

அப்படியானால் அந்த இரண்டு மணி நேரப் பயிற்சி, அந்த வெங்காயங்கள், அந்தத் திரை எல்லாம் முடிந்துபோன விஷயத்துக்காக. மேஜையை இடது கையால் அறைந்தேன். தட்டுகள் குதித்தன.

"என்னைக் கேட்டியா?"

"நீங்க கப்பல் ஏறும்போது எங்களைக் கேட்டீங்களா?"

குதித்த என் தட்டை நேராக வைத்தேன்.

"உனக்குப் போக ஆசை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

தட்டில் ஒட்டியிருந்த சாஸை விரலால் இழுத்துக்கொண்டே இருந்தாள். "இருக்கு" என்றாள். "ரொம்ப இருக்கு. ஆனா அம்மாவுக்கு ஆன மாதிரி, நான் அங்கே இருக்கும்போது நீங்க..."

"செத்துப் போகலாம். நீ அடுத்த ரூம்ல இருந்தாலும் போகலாம். அதுக்காக ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து சாவு வருதா வருதான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நான் மாட்டேன். நீ இருந்தாலும் நான் அப்படி இருக்க மாட்டேன்."

வாய் குழறியது. அவளுக்கு எல்லாம் புரிந்தது. நர்ஸ் ஆயிற்றே. அதனால் மீதியையும் சொன்னேன்.

"நான் போனது தப்பில்லை. போனதாலதான் நீ படிச்சே. லீவுக்கு வந்தப்ப எல்லாம் விருந்தாளி மாதிரி முன்னறையிலயே உக்காந்திருந்தேன் பாரு, உங்கம்மா அடுப்புல வேகும்போது உள்ள வராம. அதுதான் தப்பு. அதுக்கு நீ தண்டம் கட்டாதே."

அவள் அழுதாள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். ஒரு கையால் கழுவினால் பாத்திரம் தொட்டிக்குள் வழுக்கிக்கொண்டே ஓடும். பத்து நிமிஷம் கழித்து வந்து பக்கத்தில் நின்று, கழுவியதை வாங்கித் துடைத்தாள். துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 21

டியூட்டிக்குப் போகுமுன் மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறாள். இடம் போயிருக்கும் என்கிறாள். கேட்பதற்கு என்ன?

ஆகஸ்ட் 9

பதில் வந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஜனவரியில் எடுக்கும் அடுத்த குழுவில் இவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நின்றுகொண்டே படித்தாள். சாயங்காலமே எனக்கு ஒரு பட்டியல் வந்தது: குளியலறையில் கைப்பிடிக் கம்பி, கழுத்தில் போன், நர்மதா வாரம் மூன்று நாள், கீழ் வீட்டு ரொசாரி டீச்சரிடம் ஒரு சாவி. எல்லாவற்றுக்கும் சண்டை போட்டேன். கம்பிக்கும் சாவிக்கும் தோற்றேன். போன் சட்டைப் பையில்தான் இருக்கும், கழுத்தில் மணி கட்ட நான் ஆடு இல்லை.

ஜனவரி 11

காலை பத்தரைக்கு டெல்பின் கிளம்பினாள். விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று நான்தான் சொன்னேன். அங்கே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

வாசலில், "உள்ளே போய் உக்காருங்கப்பா" என்றாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வாசலிலிருந்து எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். நின்றது இதுதான் முதல் தடவை. கார் தெருமுனையில் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களா என்று நிற்கிறவர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும் போல. எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் பார்த்தாள்.

உள்ளே வந்து மதியத்துக்குச் சமைத்தேன். கணவாய்க் குழம்பும் சோறும். ஒரு ஆளுக்கு அளவு தெரியவில்லை. நாலு பேருக்கு ஆகிவிட்டது. ரொசாரி டீச்சருக்கும் நர்மதாவுக்கும் போன் போட்டு, பன்னிரண்டரைக்குச் சோறு, லேட்டாக வந்தால் கிடைக்காது என்றேன்.

இருவரும் நேரத்துக்கு வந்தார்கள்.